செல்லுக்குள் மின்னும் பச்சை: கால்சியத்தை அளக்கும் ஒளிர்புரதங்கள்

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. விரல் பட்டதும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பிக்கொள்ளும். தொட்ட இடத்தில் தொடங்கி வரிசையாக மடிந்துகொண்டே போவதைப் பார்த்தால், உள்ளே ஏதோ ஒன்று ஓடுகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தோன்றும். ஓடுவது எது?

ஜப்பானில் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செடிக்குள் ஒரு புதிய மரபணுவைச் சேர்த்தார்கள். அந்த மரபணுவைக் கொண்டு செடியின் செல்களே ஒரு புரதத்தைத் தயாரித்துக்கொண்டன. நீல ஒளியைப் பாய்ச்சினால் அது பச்சையாக ஒளிரும். சுற்றிலும் கால்சியம் கூடினால் இன்னும் பளிச்சென்று ஒளிரும். 2022இல் அவர்கள் வெளியிட்ட படங்களில், இலையைக் காயப்படுத்தியதும் பச்சை வெளிச்சம் காம்பு வழியே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். வெளிச்சம் ஒரு சிற்றிலையின் அடிப்பகுதியை எட்டி ஏறத்தாழ 0.1 நொடியில் அந்த இலை மடிகிறது. முதலில் கால்சியம், அப்புறம் அசைவு.

0.1 நொடி இடைவெளியைப் பார்க்க முடிந்தது என்பதுதான் என்னை இழுத்த விஷயம். உணரும் புரதம் மந்தமாக இருந்திருந்தால் இலை மடிந்த பிறகுதான் பச்சை தெரிந்திருக்கும். எது முன், எது பின் என்று சொல்லியிருக்க முடியாது. செல்லுக்குள் கால்சியம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. எப்போது வந்தது, எப்போது போனது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அது முன்னதைவிடப் பல மடங்கு கடினம்.

கால்சியம் என்றால் நமக்குப் பாலும் எலும்பும் வெற்றிலைச் சுண்ணாம்பும் நினைவுக்கு வரும். செல்லுக்குள் நாம் பேசுவது நீரில் தனியாக மிதக்கும் கால்சியம் அயனியைப் பற்றி. நம் இரத்தத்தில் இப்படி மிதக்கும் கால்சியத்தின் செறிவு சுமார் 1.2 மில்லிமோலார். ஓய்வாக இருக்கும் செல்லின் உள்ளே அது சுமார் 100 நானோமோலார்தான். வெளியே பத்தாயிரத்துக்கும் மேல் அயனிகள் இருக்கும் அளவு இடத்தில் உள்ளே ஒன்றே ஒன்று. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற செல் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. சவ்வில் இருக்கும் பம்புகள் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. செல்லுக்குள்ளேயே இருக்கும் எண்டோபிளாச வலை என்ற கிடங்கிலும் அதை அடைத்து வைக்கின்றன.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு காரணம் பாஸ்பேட். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி முதல் டிஎன்ஏ வரை எல்லாவற்றிலும் பாஸ்பேட் இருக்கிறது. கால்சியம் அதிகமானால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும். எலும்பு உருவாவதே அப்படித்தான். அதனால் கால்சியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்தியதில் ஒரு பெரிய லாபமும் கிடைத்தது. வெறிச்சோடிய தெருவில் நாலு பேர் நடந்தாலே தெரிந்துவிடும் அல்லவா? உள்ளே ஏறக்குறைய காலியாக இருப்பதால், வாசல் ஒரு கணம் திறந்து சில அயனிகள் நுழைந்தாலே அது செய்தி ஆகிவிடுகிறது.

எவ்வளவு காலி என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடத்தில் சின்ன மொட்டு ஒன்று இருக்கும். அதன் கொள்ளளவு சுமார் 0.1 கன மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 நானோமோலார் செறிவில் அந்த மொட்டுக்குள் தனியாக மிதக்கும் கால்சியம் அயனிகள் எத்தனை? ஆறு. ஆறாயிரம் இல்லை, ஆறே ஆறு. அது அறுபதாகவோ அறுநூறாகவோ உயர்வதுதான் அந்த மொட்டுக்கு வந்து சேரும் சேதி. அதைத்தான் அளக்கப் பார்க்கிறோம்.

அதே அயனி இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தைக் குழாய்த் தண்ணீரில் செய்த உப்புக்கரைசலில் வைத்திருந்தபோது அது துடித்தது. வாலைவடிநீரில் கரைசல் செய்தபோது நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். கருவுறும் முட்டையிலும் கால்சியம்தான் ஓர் அலையாகப் பரவுகிறது. நரம்பு முனையில் அது நுழைந்த ஒரு மில்லிநொடிக்குள் ரசாயனச் செய்தி வெளியே கொட்டப்படுகிறது. முட்டையின் அலைக்கு நிமிடக் கணக்கு, இதயத் துடிப்புக்கு ஒரு நொடியில் சில பகுதிகள், நரம்பு முனைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரே அயனிதான். எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பதை வைத்தே செல் அதற்குப் பொருள் கொள்கிறது. எனவே வேகத்தைத் தவறவிட்டால் பொருளையே தவறவிட்டதாகும்.

இந்த அயனிக்கு நிறம் கிடையாது. அதைக் காட்டிக்கொடுக்க வேறொன்று வேண்டும். முதலில் காட்டிக்கொடுத்தது ஜெல்லி மீன்.

1961 கோடைக்காலம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரைடே ஹார்பர் என்ற இடம். ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளர், ஃபிராங்க் ஜான்சனோடு சேர்ந்து, ஏகுவோரியா விக்டோரியா என்ற ஜெல்லி மீன் எப்படி ஒளிவிடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். குடை போன்ற அதன் விளிம்பில் ஒளிரும் வளையம் இருக்கும். அந்த வளையங்களை மட்டும் வெட்டி எடுத்து, பிழிந்து, சாறு எடுத்தார்கள். ஒளியைத் தற்காலிகமாக அணைத்து வைத்தால்தான் பொருளைப் பிரிக்க முடியும். எதுவும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அமிலத்தன்மையை மாற்றி ஓரளவு அணைத்தார். அன்றைய மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். மீன் வளர்க்கும் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீரும் அதே கழுவுதொட்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. சாறு பட்டதும் தொட்டி முழுக்க நீல ஒளி பளீரென்று எழுந்தது. கடல்நீரில் இருந்த கால்சியம்தான் அதைத் தூண்டியது என்று கண்டுபிடிக்க அவருக்கு நெடுநாள் ஆகவில்லை. அந்தப் புரதத்துக்கு ஏகுவோரின் என்று பெயர் வைத்தார்கள். அதைத் தூய்மைப்படுத்தும்போது கூடவே இன்னொரு புரதமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அது நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும். பிற்காலத்தில் ஜிஎஃப்பி என்று உலகமே அறிந்துகொண்ட பச்சை ஒளிர்புரதம் அதுதான். இங்கே கவனிக்க வேண்டியது: ஜெல்லி மீனில் கால்சியத்தை உணர்வது ஏகுவோரின். ஜிஎஃப்பிக்குக் கால்சியம் வந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

ஏகுவோரினைச் செல்லுக்குள் ஊசி போட்டுச் செலுத்தி நல்ல ஆய்வுகள் நடந்தன. ஆனால் ஒரு மூலக்கூறு ஒருமுறை ஒளிவிட்டால் தீர்ந்தது, தீக்குச்சி மாதிரி. 1980களில் ரோஜர் சியென் கால்சியத்தைப் பிடித்து ஒளிரும் செயற்கைச் சாயங்களை உருவாக்கினார். 1985இல் வந்த ஃபியூரா-2 இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. சாயங்கள் வேகமானவை. ஆனால் சாயத்தை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். சில மணி நேரத்தில் கசிந்து போய்விடும். இந்த வகைச் செல்லில் மட்டும் போய் உட்கார் என்று அதற்குச் சொல்ல முடியாது.

செல்லே தனக்கான உணரியைத் தயாரித்துக்கொண்டால்? அதற்கு ஜிஎஃப்பியின் மரபணு வேண்டும். டக்ளஸ் பிராஷர் அதைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டார். கேட்டவர்களுக்குக் கொடுக்கவும் செய்தார். மார்ட்டின் சால்ஃபி 1994இல் அதை பாக்டீரியாவிலும் ஒரு சின்னப் புழுவிலும் ஒளிர வைத்துக் காட்டினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த அறிவிப்பு வந்த நாளில் பிராஷர் அறிவியலை விட்டு வெளியேறி, ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பச்சை வெளிச்சத்தைப் பற்றி எழுதும்போது அவர் பெயரை விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, கால்சியத்தைக் கண்டுகொள்ளாத ஜிஎஃப்பியை எப்படிக் கண்டுகொள்ள வைப்பது?

ஜிஎஃப்பியின் வடிவத்தை மனதில் கொண்டுவருவோம். 238 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம், பதினொரு பட்டைகளாக மடிந்து சுற்றி ஒரு பீப்பாய் ஆகிறது. பீப்பாயின் நடுவில், 65, 66, 67ஆவது அமினோ அமிலங்கள் தாமாகவே சேர்ந்து உருவாக்கிய ஒளிரும் பகுதி. பழைய லாந்தர் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய் அதன் கண்ணாடிச் சிமினி, நடுவில் இருப்பது சுடர். சிமினி முழுசாக இருக்கும்வரை சுடர் அசையாமல் எரியும். சிமினியில் ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து சுடர் மங்கும். ஒளிரும் பகுதிக்கு அந்தக் காற்று எது என்றால் நீரும் அதோடு வரும் புரோட்டானும்தான். புரோட்டான் ஒட்டிக்கொண்டால் அந்தப் பகுதி நீல ஒளியை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் பச்சையும் வராது.

வேண்டுமென்றே சிமினியில் ஓட்டை போடுவதுதான் இங்கே உத்தி. சரத்தின் பழைய இரு முனைகளையும் ஒரு சின்ன இணைப்பால் முடிச்சுப் போட்டு, ஒளிரும் பகுதிக்குப் பக்கத்தில் வேறு இடத்தில் சரத்தை வெட்டுகிறார்கள். பீப்பாய் அதே பீப்பாய்தான். ஆனால் முனைகள் இப்போது சுடருக்கு நேர் எதிரே, ஓட்டையின் இரு கரையிலும் இருக்கின்றன. ஒரு முனையில் கால்மோடுலின் என்ற புரதத்தை ஒட்டுகிறார்கள். மறுமுனையில் எம்13 என்ற குட்டிப் புரதத் துண்டு.

கால்மோடுலின் நம் உடலிலேயே இருப்பது. கால்சியத்தைப் பிடிக்க அதற்கு நான்கு கைகள் உண்டு. கால்சியம் இல்லாதபோது தொளதொளவென்று கிடக்கும். கால்சியம் வந்து அமர்ந்ததும் வடிவம் மாறி, எம்13 துண்டை இறுகக் கட்டிப் பிடிக்கும். இந்த இரண்டும் ஓட்டையின் கரையிலேயே இருப்பதால், கட்டிப் பிடிக்கும்போது ஓட்டை மூடிக்கொள்கிறது. கார்த்திகை அன்று வாசலில் வைத்த அகலைக் காற்றிலிருந்து உள்ளங்கையைக் குவித்து மறைப்போமே, அதே காரியம். சுடர் நிமிர்கிறது. கால்சியம் கழன்றதும் கை விலகுகிறது, சுடர் மங்குகிறது. இது ஒருமுறையோடு தீர்வதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கும்.

இதற்கு ஜிகேம்ப் என்று பெயர். 2001இல் ஜப்பானில் ஜூனிச்சி நகாயும் சக ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். இதற்கு முன்பே 1997இல் அட்சுஷி மியவாக்கியும் சியெனும் இரண்டு நிற ஒளிர்புரதங்களைக் கால்மோடுலினால் இணைத்து, கேமிலியன் என்ற உணரியைச் செய்திருந்தார்கள். கால்சியம் வந்தால் அதில் நிற விகிதம் மாறும். ஒரே நிறத்தில் பளிச்சென்று ஏறி இறங்கும் ஜிகேம்ப்தான் பின்னாளில் அதிகம் பரவியது. தொட்டாற்சிணுங்கியில் ஒளிர்ந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இனி வேகத்துக்கு வருவோம்.

கோயிலில் பெரிய மணியை ஒருமுறை அடித்தால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். அடுத்தடுத்து மூன்று முறை அடித்தால் மூன்றும் கலந்து ஒரே முழக்கமாகிவிடும். எத்தனை அடி விழுந்தது என்று தூரத்தில் இருப்பவரால் சொல்ல முடியாது. மிருதங்கத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும், ஏனென்றால் ஒவ்வோர் ஒலியும் சட்டென்று அடங்கிவிடுகிறது. தொடக்ககால ஜிகேம்ப்கள் மணியைப் போன்றவை. நரம்பணுவில் ஒவ்வொரு மின்துடிப்பும் கொஞ்சம் கால்சியத்தை உள்ளே விடும்; அடுத்தடுத்து மூன்று துடிப்புகள் வந்தால் ஒளியில் ஒரே ஒரு மேடு தெரியும்.

ஏன் இப்படி? நம்மிடம் இருக்கும் கால்சியமோ மிகக் குறைவு. அதைப் பிடிக்க வேண்டுமானால் உணரிக்கு இறுக்கமான பிடி வேண்டும். இறுக்கமாகப் பிடித்தது எளிதில் விடாது. இதை எண்ணாகவும் பார்க்கலாம். ஓர் உணரி பாதி நிரம்பத் தேவைப்படும் கால்சியச் செறிவு என்பது, விடும் வேகத்தைப் பிடிக்கும் வேகத்தால் வகுத்தால் வரும் எண். பிடிக்கும் வேகத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. அயனி நீரில் நீந்தி வந்து சேர வேண்டுமே. ஒரு மோலார் செறிவில் நொடிக்கு பத்து கோடி என்று அதை வைத்துக்கொண்டால், 100 நானோமோலாரில் பாதி நிரம்பும் உணரி நொடிக்கு 10 தடவைதான் கைவிடும். அதாவது ஒரு பிடி சராசரியாக 100 மில்லிநொடி நீடிக்கும். பிடியைப் பத்து மடங்கு தளர்த்தினால் அது 10 மில்லிநொடியாகக் குறையும். ஆனால் அப்போது சின்னச் சின்னக் கால்சிய அசைவுகளுக்கு உணரி சரியாகத் தலை நிமிராது. கூர்மை வேண்டுமா, வேகம் வேண்டுமா? இந்த இழுபறிதான் இத்துறையின் கால் நூற்றாண்டுக் கதை.

2013இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு வளாகம் ஜிகேம்ப்6 வரிசையை வெளியிட்டபோது, ஒன்றைத் தராமல் மூன்றைத் தந்தது. எஸ், எம், எஃப். ஸ்லோ, மீடியம், ஃபாஸ்ட். ஸ்லோ 144 நானோமோலாரிலேயே பாதி நிரம்பிவிடும், ஒற்றைத் துடிப்பையும் பெரிதாகக் காட்டும், ஆனால் மெல்லத்தான் அடங்கும். ஃபாஸ்டுக்கு 375 நானோமோலார் வேண்டும். அது சீக்கிரம் அடங்கும். எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்பதை ஆய்வாளரே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டது நேர்மையான முடிவு என்று எனக்குப் படுகிறது.

அடுத்த பெரிய தாவல் 2023இல் வெளியான ஜேஜிகேம்ப்8. இதில் எம்13 துண்டையே மாற்றிவிட்டார்கள். நம் இரத்தக்குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி ஒன்று உண்டு. அதிலும் கால்மோடுலின் கட்டிப் பிடிக்கும் ஒரு துண்டு இருக்கிறது. அதை எடுத்து இங்கே பொருத்தி, மேலும் பல திருத்தங்கள் செய்தார்கள். கட்டிப் பிடிக்க வேண்டிய ஆளை மாற்றியதில் கட்டிப் பிடிக்கும் வேகமே மாறியது. சுமார் 2 மில்லிநொடியில் பாதி உயரத்தை எட்டும் புரதம் கிடைத்தது, கூர்மையும் குறையவில்லை. ஒரு நரம்புத் துடிப்பே ஏறக்குறைய ஒரு மில்லிநொடிதான். அதன் அருகே வந்துவிட்டோம்.

கால்மோடுலினே இல்லாமல் செய்யும் வழியும் உண்டு. நான்கு கைகள் நிரம்பி, வடிவம் மாறி, துண்டைச் சுற்றி வளைத்து, ஓட்டையை மூடி என்று இத்தனை படிகள் எதற்கு? ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜென்னி யாங் குழு 2011இல் வெளியிட்ட கேட்சர் என்ற உணரியில், பீப்பாயின் வெளிப்பக்கத்திலேயே சில அமினோ அமிலங்களை மாற்றிக் கால்சியம் உட்கார ஓர் இருக்கை செய்தார்கள். அயனி உட்கார்ந்தால் ஒளி கூடும், அவ்வளவுதான். பிடி மிகத் தளர்வு. பாதி நிரம்ப ஏறத்தாழ 0.18 மில்லிமோலார் வேண்டும். செல்லின் பொதுப்பகுதிக்கு இது உதவாது. ஆனால் எண்டோபிளாச வலை என்ற அந்தக் கிடங்குக்குள் கால்சியம் அந்த அளவில்தான் இருக்கிறது. அங்கே வைத்துப் பார்த்தால், தசை சுருங்கும்போது கிடங்கு திறந்து காலியாவதை உடனுக்குடன் காணலாம். அங்கே ஒளி மங்குவதுதான் செய்தி.

இந்த ஆய்வுகளின் வரைபடங்களில் அச்சுக்கு அருகே டெல்டா எஃப் பை எஃப் என்று ஓர் அளவு இருக்கும். ஓய்வில் ஒளி 200 அலகு, துடிப்பின்போது 300 என்றால், கூடியது 100. அதை 200ஆல் வகுத்தால் 0.5. ஒரு செல்லில் புரதம் நிறைய இருக்கலாம், பக்கத்துச் செல்லில் கொஞ்சமாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை இந்த வகுத்தல் ஓரளவு சரிக்கட்டும். ஆனால் 0.5 என்பது கால்சியம் பாதி கூடியது என்று அர்த்தமாகாது. ஒளிக்கும் கால்சியத்துக்கும் நேர்கோட்டு உறவு கிடையாது. கொஞ்சம் கூடினால் எகிறும், நிரம்பிவிட்டால் எவ்வளவு கூடினாலும் அசையாது.

இன்னும் சில ஏமாற்றுகள் உண்டு. சுடரை மங்க வைப்பது புரோட்டான் என்று பார்த்தோம்; ஆகவே செல்லின் அமிலத்தன்மை மாறினால் கால்சியம் மாறாமலேயே ஒளி மாறும். உணரியும் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பொருள்தான். அதை அளவுக்கு மீறிச் செல்லில் நிரப்பினால், அளக்க வந்த அலையையே அது மெதுவாக்கிவிடும். ஆறு அயனி இருக்கும் மொட்டுக்குள் நூற்றுக்கணக்கில் உணரிகள் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மிக அதிகமாக உணரியைத் தயாரித்த நரம்பணுக்களில் பச்சை உட்கருவுக்குள்ளும் நிரம்பி, செல் நலம் கெட்டுப்போவதும் தெரிந்த விஷயம். அப்புறம் கேமரா. மூளை ஆய்வில் வழக்கமான ஒரு நுண்ணோக்கி நொடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி. 2 மில்லிநொடிப் புரதத்தை அதற்கு முன்னால் வைத்தால் அதன் வேகத்தில் பெரும்பகுதி படத்தில் ஏறவே ஏறாது. படமெடுக்கும் வேகத்தைக் கூட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் ஒளி குறைந்து இரைச்சல் கூடும்.

2013இல் ஜனீலியாவில் மிஷா ஆரென்ஸும் பிலிப் கெல்லரும் வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளையைப் படமெடுத்தார்கள். கண்ணாடி போல் தெளிவான குஞ்சு அது. மூளையில் ஏறத்தாழ ஒரு லட்சம் நரம்பணுக்கள். ஜிகேம்ப் குடும்பத்து உணரி ஒன்றைக் கொண்டு அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் தனித்தனியாகப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கும் ஒரு முழு மூளை, கூட்டம் கூட்டமாக மின்னி அடங்குகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. முழு மூளையையும் ஒருமுறை வருடி முடிக்க அந்தக் கருவிக்கு 1.3 நொடி ஆனது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒரு நரம்பணு பலமுறை துடித்து ஓய்ந்திருக்கலாம். நாம் பார்த்த ஒவ்வொரு மின்னலும் அந்தத் துடிப்புகளின் ரீங்காரம்.